பாரதியாரின் இளமையும் ஐயங்களும்

ஏழாயிரம்பண்ணையைத் தீப்பெட்டித் தொழிலாலும் பட்டாசுத் தொழிலாலும் அறிந்தோர் பலர். அஃது ஒரு காலத்தில் பாளையமாக விளங்கிய ஊர் என்பதை அறிந்தோர் சிலரே ஆவர். 1799ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்ந்து கும்பெனியாரை எதிர்த்த பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றோடு ஏழாயிரம்பண்ணையையும் கும்பெனியார் பறித்துக்கொண்டனர். கும்பெனியார்க்குத் துணைநின்ற எட்டயபுரமோ பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்கள் சிலவற்றைப் பரிசாகப் பெற்றுப் பெரிய ஜமீனாக நிலைத்தது. இழந்த பாளையத்திலிருந்து கோவில்பட்டி வழியாக ஒரு காலைப்பொழுதில் சென்று சேரக்கூடிய தொலைவில்தான் பரிசு பெற்ற பாளையம் இருக்கிறது. கரிசல் மண் இரண்டுக்கும் ஒன்றே.

பரிசு பெற்ற அந்த ஜமீனின் நிழலில் உண்டு வளர்ந்த ஓர் இளைஞரைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம். பாரதியாரை நாம் வகுப்பறையில் அறிமுகப்படுத்தும்போது முண்டாசும் முறுக்கு மீசையும் உடையவராகவே அறிமுகப்படுத்துகிறோம். புதுச்சேரியில் முப்பெரும் பாடல்களைப் படைத்த பாரதியாரையே பாடத்திட்டமும் கேட்கிறது. பத்து வயது முதல் இருபத்திரண்டு வயது வரை அவர் எதை எண்ணினார், எதை நம்ப மறுத்தார், எதை மறுக்காமல் விட்டுவிட்டார் என்பவற்றை நாம் கேட்பதில்லை. ஐயுற்ற அவ்விளைஞரை அவரைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் எவ்வாறு நடத்தினர் என்பதையோ ஒருபோதும் கேட்பதில்லை. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் படிக்கும் மலர் இஃது ஆதலின், அக்கேள்வியையும் இங்குச் சேர்த்துக்கொள்கிறோம்.

சுப்பிரமணியன் என்னும் சுப்பையா 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தாயார் இலட்சுமி அம்மாள் 1887இல் மறைந்தபோது அவருக்கு ஐந்து வயது. தந்தையார் சின்னச்சாமி ஐயர் கணிதத்தில் வல்லவர். மேனாட்டு இயந்திர நுட்பங்களில் தீராத ஆர்வம் கொண்டவர். கரிசல் நிலத்தில் விளையும் பருத்தியை அவ்விடத்திலேயே அரைத்துக் கொட்டை நீக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு எட்டயபுரத்தில் ஆலை நிறுவியவர். அக்காலத்தில் அஃது எளிய துணிவன்று. மகனும் தம்மைப்போல் கணக்கும் ஆங்கிலமும் கற்று மேம்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். தெருவில் ஒத்த வயதுச் சிறுவர்கள் ஆடித் திரிவதை ஏக்கத்தோடு பார்த்திருந்ததைப் பாரதியார் பின்னாளில் தம் தன்வரலாற்றுப் பாட்டில் எழுதியிருக்கிறார். தந்தையின் அன்பில் குறையில்லை; ஆனால், நீ என்ன விரும்புகிறாய் என்று கேட்கும் வழக்கம் அக்காலத் தந்தையரிடம் இல்லை. இக்காலத் தந்தையரிடம் எவ்வளவு உண்டு என்பதைப் பெற்றோரே சொல்லவேண்டும்.

மகனின் மனமோ அரண்மனைப் புலவர்களிடம் சென்றது. எட்டயபுரம் புலமைக்குப் புகலிடமாக நெடுங்காலம் இருந்து வந்த ஊர். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர், அவ்வூர் அரண்மனைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். அவர் அடங்கியிருக்கும் இடமும் அவ்வூரே. இசைமேதை முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அங்கேதான். இத்தகைய ஊரின் அவையில் 1893ஆம் ஆண்டு, பதினோரு வயதுச் சுப்பையாவின் கவித்திறனைச் சோதித்த புலவர்கள் அவருக்குப் பாரதி என்னும் பட்டத்தை வழங்கினர். அவரினும் மூத்த மாணவர் ஒருவர் இழிவுபடுத்தும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா கேட்டார் என்றும், அவர் அதே அடியைக் கொண்டே கேட்டவரை வீழ்த்தினார் என்றும் வழங்கும் கதையை நம் மாணவர் அனைவரும் அறிவர். அக்கதையில் உள்ள வெற்றியைக் கண்டு மகிழும் நாம், அதில் உள்ள விளையாட்டின் தரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்லை மடக்குவதும் எதிராளியை மடக்குவதுமே கவிதை எனக் கருதப்பட்ட அவை அது. ஒரு சிறுவர்க்கு அந்த அவை பட்டம் கொடுத்தது, கைதட்டியது, அதற்கு மேல் அவரிடம் அது எதையும் எதிர்பார்க்கவில்லை.

1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். இதற்கிடையில் தந்தையாரின் ஆலை நொடித்தது. தேடிய செல்வமெல்லாம் போயிற்று. அயலவர் சூழ்ச்சியே காரணம் என மகன் பின்னாளில் எழுதினார். 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பதினான்கு வயதில், படிப்பைத் தொடரப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் மன்னர்க்குச் செய்யுள் வடிவில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அவருடைய கையெழுத்துக்களுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. எந்த ஆங்கிலப் படிப்பைப் பின்னர்ப் பழித்தாரோ அதற்காகவே அன்று கையேந்தினார் என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு சூன் திங்களில் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளோடு திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது ஏழு. தந்தையின் சொல்லைத் தட்டும் துணிவு அவருக்கு இல்லை. தட்ட வேண்டும் என்ற எண்ணம்தானும் முழுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. மறு ஆண்டு, 1898இல், தந்தையாரும் மறைந்தார். பதினைந்து வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, பொருளும் இல்லை. பட்டம் மட்டும் இருந்தது.

அவரைக் காசிக்கு அழைத்துக்கொண்டவர் அத்தையார் குப்பம்மாள். கணவர் கிருஷ்ண சிவன் கங்கைக் கரையில் மடம் நடத்தி வந்த சிவபக்தர். ஆசாரத்தில் மிக அழுத்தமானவர். காசியில் பாரதியார் வடமொழியும் இந்தியும் பயின்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். ஷெல்லி, பைரன், கீட்ஸ் முதலிய ஆங்கிலக் கவிஞர்களை அங்கேதான் ஊன்றிக் கற்றார் எனலாம். ஊர் எல்லைக்குள் ஒரே மொழியும் ஒரே வழக்கமும் கண்டிருந்தவர், பல மாநிலத்தாரும் வந்து கலக்கும் ஒரு நகரில் நின்றார். தம் ஊரில் மாறாத அறமென எண்ணப்பட்டது வேறோர் ஊரில் வெறும் பழக்கமாக இருப்பதைக் கண்ணாரக் கண்டார். ஐயம் பிறப்பதற்கு இதைவிட வேறு ஆசிரியர் வேண்டுவதில்லை.

அங்கே அவர் குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். இன்றைய மாணவர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். தலைமயிரை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதுபற்றித் தந்தைக்கும் மகனுக்கும் இன்றும் நம் வீடுகளில் நடக்கும் பூசல்களை நினைத்துப் பார்த்தால், ஆசாரமிக்க ஒரு மடத்தில், பெற்றோரை இழந்து பிறர் சோற்றை உண்ணும் ஓர் இளைஞர் அதைச் செய்ததன் பொருள் விளங்கும். கிருஷ்ண சிவன் சினந்தார். தம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண விடவில்லை என்பது குடும்பத்தார் வழியாக வந்த செய்தி. ஆயினும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. குப்பம்மாள் மருமகனுக்குச் சோறிட்டுக்கொண்டே கணவரையும் சமாதானப்படுத்தி வந்தார்.

பிறகு ஒரு மார்கழித் திருவாதிரை நாள். மடத்துப் பூசைக்குப் பதிகம் பாட வேண்டிய ஓதுவார் வரவில்லை. பாடுவதற்கு ஆளின்றிப் பூசை தடைப்பட்டு நின்றபோது, குடுமியில்லாத அம்மருமகனே முன்வந்து திருவெம்பாவை பாடினாராம். கேட்ட கிருஷ்ண சிவன் மனமுருகி அவரைத் தழுவிக்கொண்டார் என்பர். இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது பாரதியாரின் குரலைப் புகழ்வார் உண்டு. நமக்கோ மாமாவின் மனமே பெரிதாகப் படுகிறது. தாம் வெறுத்த கோலத்தோடு நின்ற ஒருவரின் வாயிலிருந்து தாம் போற்றும் பாட்டு வந்தபோது, கோலத்தை விட்டுப் பாட்டைக் கேட்க அவரால் முடிந்தது. இளைஞரும் குடுமியோடு சேர்த்துத் தமிழையும் பக்தியையும் களைந்துவிடவில்லை. அவர் ஐயுற்றது அடையாளங்களைத்தான். மடத்தில் ஒரு கவளம் சோறு மறுக்கப்பட்டிருந்தால் அவ்வேறுபாட்டை உணர்வதற்குரிய பொழுது அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

1903ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தில்லியில் முடிசூட்டு தர்பார் நடைபெற்றது. அதனையொட்டி வடநாடு சென்ற எட்டயபுரம் ஜமீன்தார் காசியில் பாரதியாரைக் கண்டு ஊருக்கு அழைத்தார் என்பர். திரும்பிவந்த பாரதியார், நூல்களும் இதழ்களும் படித்துக்காட்டி உரையாடும் பணியில் அரண்மனையில் அமர்ந்தார். ஷெல்லிதாசன் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டதும் இக்காலத்திலேயே. ஆங்கில நாட்டில் மன்னர்க்கும் மதகுருமார்க்கும் எதிராக எழுதி இளமையிலேயே மறைந்த ஒரு கவிஞருக்குத் தொண்டர் எனப் பெயர் வைத்துக்கொண்டவர், பகலில் ஜமீன்தாரின் பக்கத்தில் அமர்ந்து அவர் விரும்பியவற்றைப் படித்துக்காட்டி வந்தார். இம்முரண் அவரை உள்ளூர அரித்திருக்க வேண்டும்.

அரண்மனைக் கவிதையைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதை அறியப் பின்னாளில் அவர் எழுதிய சின்னச் சங்கரன் கதையைப் படிக்க வேண்டும். கவுண்டனூர் என்னும் கற்பனை ஊரின் ஜமீன்தார், அவரைச் சூழ்ந்த புலவர் கூட்டம், சிலேடையும் யமகமும் சிருங்காரமும் அன்றி வேறொன்றறியாத அவர்களின் கவிதை, அதில் மயங்கி வளரும் ஒரு சிறுவன் ஆகியோரை வைத்து எழுதப்பட்ட நகைச்சுவைப் படைப்பு அது. முற்றுப்பெறாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அதில் மிகுதியாக நகைக்கப்படுபவன் அச்சிறுவனே என்பதை உற்று நோக்க வேண்டும். பாரதியார் தம் பழைய உருவத்தையே அங்கு நிறுத்திக் கேலி செய்திருக்கிறார். பிறரைக் குறைகூறிப் புரட்சியாளராக விளங்குவது எளிது. தாம் கைதட்டல் பெற்ற கலையையே ஐயுறுவது அரிது.

இங்கு நடுவுநிலை தவறாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எட்டயபுரம் அரண்மனை வெறும் கேளிக்கைக்கூடம் அன்று. சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல், கருநாடக இசைக்கு இன்றளவும் அடிப்படையாக விளங்குவது, 1904ஆம் ஆண்டில் அவ்வூர் அச்சகத்திலேயே ஜமீனின் ஆதரவில் அச்சேறியது. பழைய கலையைப் பாதுகாக்கத் தெரிந்த அந்த அரண்மனைக்குப் புதிய கலையை அடையாளம் காணத் தெரியவில்லை. அதே 1904இல்தான் பாரதியார் அவ்வூரை விட்டு வெளியேறினார்.

அவ்வாண்டு சூலையில் மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபாநு இதழில் அவருடைய ‘தனிமை இரக்கம்’ அச்சாயிற்று. அச்சில் வந்த அவருடைய முதற்பாடலாகக் கருதப்படுவது இதுவே. பதினான்கு அடிகளில் ஆங்கிலக் கவிதையமைப்பு ஒன்றைத் தழுவியது. நடையோ பழம்புலவர் நடை. அகராதியின்றி நம் மாணவர் அதைப் படித்தல் இயலாது. புதிய எண்ணத்திற்குப் புதிய மொழி அவரிடம் அப்போது பிறந்திருக்கவில்லை. இளமையின் ஐயம் முதலில் பழைய சட்டையை அணிந்தே வெளிவரும் என்பதற்கு இப்பாடல் நல்ல சான்று. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகத் தற்காலிகப் பணி. அதன்பின் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் துணையாசிரியர். நாளிதழுக்கு மொழிபெயர்த்த உழைப்பே அவர் தமிழை எளிமையாக்கியது என்பது நம் கருத்து.

இனி, அவர் ஐயுறாமல் விட்ட ஒன்று. குடுமியையும் ஜமீனையும் அரண்மனைக் கவிதையையும் ஐயுற்ற அவ்விளைஞர், பெண்ணைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தை அதுவரை ஐயுற்றதாகத் தெரியவில்லை. 1905ஆம் ஆண்டு இறுதியில் காசியில் நடந்த காங்கிரசுக்குச் சென்று திரும்புகையில் கல்கத்தாவில் சகோதரி நிவேதிதையைக் கண்டார். அவர் பெரிதாக ஒன்றும் உபதேசிக்கவில்லை. மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று கேட்டார். பொதுவிடங்களுக்குப் பெண்டிரை அழைத்துச் செல்வது தம்மவர் வழக்கமன்று என்னும் பொருள்பட இவர் விடை சொல்ல, மக்களில் ஒரு பாதியை அடிமையாக வைத்துக்கொண்டு மறுபாதி எவ்வாறு விடுதலை பெறும் என்னும் கருத்தில் அவர் மறுவினா எழுப்பினார். இருபத்து மூன்று வயதுப் பாரதியார் அவ்வினாவின் முன் விடையற்று நின்றார். அதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1908இல் வெளிவந்த சுதேச கீதங்களை நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். வாதில் தோற்றவர் தம்மைத் தோற்பித்தவர்க்கு நூலைப் படைத்தல் எட்டயபுர அவையின் வழக்கமன்று.

புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த 1910ஆம் ஆண்டில், தம் இளமையை அவரே ‘கனவு’ என்னும் தலைப்பில் பாட்டாக எழுதி வெளியிட்டார். வாழ்வு கனவே என்னும் பழைய கருத்தோடு அது தொடங்குகிறது. ஆயினும் அக்கனவில் தாம் பட்ட துன்பங்களை ஒன்றுவிடாமல் பேசுகிறது. பத்து வயதில் தோன்றிய பிள்ளைக் காதல், ஆங்கிலப் பயிற்சி, அறியாப் பருவத்து மணம், தந்தையின் வறுமை ஆகியவை அங்கு வரிசையாக வருகின்றன. ஆங்கிலப் பள்ளியைப் பற்றி அவர் கூறுவது கடுமையானது. ஆண்டுக்கணக்கில் கணிதம் கற்றும் வானத்து மீன் ஒன்றின் நிலையறியாமல், கவிதைகளை மனனம் செய்தும் அவற்றின் உட்பொருள் உணராமல், தம் நாட்டுப் பெருங்கவிஞரையும் அறிஞரையும் பெயரளவிலும் அறியாமல் மாணவர் வெளியேறுகின்றனர் என்பது அவர் வழக்கு. தந்தைக்குச் செலவும் தமக்குத் தீமையுமே மிஞ்சின என்று மனம் நொந்து எழுதுகிறார். இதில் நன்றி மறந்த குரல் கேட்கவில்லையா என்று ஒரு மாணவர் நம்மைக் கேட்டதுண்டு. ஷெல்லியை அவர்க்குத் தந்தது அந்த ஆங்கிலம் அன்றோ என்றார். நியாயமான கேள்வி. பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லி அன்று அவரை அனுப்பிவிட்டோம். இப்போது எண்ணிப் பார்க்கையில், பாரதியார் பழித்தது மொழியை அன்று, கேள்விக்கு இடந்தராத பள்ளியையே என்று தோன்றுகிறது. அந்த விடையை அம்மாணவர்க்கு அன்றே சொல்லியிருக்கலாம். 1911இல் ஆங்கில அரசு அந்தச் சிறுநூலைத் தடை செய்தது.

நாடு கடந்த வாழ்வு முடிந்து 1918 நவம்பரில் எல்லை கடந்த பாரதியார் கடலூரில் கைதாகி, விடுதலைக்குப் பின் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை முற்றியிருந்தது. 1919 மே திங்களில் எட்டயபுரம் மன்னர்க்குச் சீட்டுக்கவி எழுதினார். ஆகஸ்டில் மற்றொரு கடிதம். 1879இல் அச்சான எட்டயபுர அரச வரலாறாகிய வம்சமணி தீபிகை பிழை மலிந்த நடையில் இருப்பதால், அதைத் தாம் நல்ல தமிழில் திருத்தி எழுதித் தர விரும்புவதாகத் தெரிவித்தார். எந்த அரண்மனையை நகைத்துக் கதை எழுதினாரோ அதன் வரலாற்றை எழுதித்தரக் கேட்டார். இதைப் பாரதியாரின் வீழ்ச்சியாகக் கருதுவாரும் உளர். பசித்த குடும்பத்தைப் பாராதவர்களே அவ்வாறு கருதுவர். பதினோரு வயதில் பட்டம் கொடுத்த அந்த அவையிலிருந்து முப்பத்தாறு வயதில் ஒரு விடைக்கடிதமும் வரவில்லை.

கடையத்தில் இருந்த நாட்களில், 1920இல், அருகிலுள்ள பொட்டல்புதூருக்குச் சென்று முஸ்லிம் பெருமக்களிடையே இஸ்லாத்தின் சிறப்பைப் பற்றிப் பேசினார். அல்லாஹ்வைப் போற்றும் பாடலும் அவரிடமிருந்து பிறந்தது. இதை நம் மேடைகளில் பலரும் எடுத்துரைப்பதுண்டு. அதே ஆண்டைச் சேர்ந்த மற்றொரு செய்தியை யாரும் சொல்வதில்லை. ‘ரயில்வே ஸ்தானம்’ என்னும் கதையில், உடன்பிறந்த சகோதரியர் பலரை ஒருசேர மணந்த ஒரு முஸ்லிம் இளைஞனைப் பாரதியார் படைத்திருந்தார். அவ்வாறு மணத்தல் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் அவரிடம் எடுத்துச் சொன்னார். பாரதியார் சினக்கவில்லை, கதைதானே என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. பிழை தம்முடையது என்று அக்கதையின் இறுதியிலேயே எழுதிச் சேர்த்தார். உலகம் ஒப்புக்கொண்டவற்றையெல்லாம் ஐயுற்றவர், தம் எழுத்தையும் அவ்வரிசையில் வைத்துக்கொண்டார். திருத்தச் சென்ற அந்த நண்பரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். கண்டனக் கூட்டம் கூட்டாமல் நேரில் சென்று எடுத்துச் சொன்னவர் அவர்.

1920இன் இறுதியில் பாரதியார் மீண்டும் சுதேசமித்திரனுக்குச் சென்றார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது முடிந்து சில திங்கள்களே ஆகியிருந்தன. இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்க்கு மேல் இல்லை என்பர். 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் அவர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது; ஊர் திரண்டு வந்தது.

நம் துறை மாணவர்கள் இலக்கியச் சுற்றுலா செல்ல விரும்பினால், ஏழாயிரம்பண்ணை வழியாகக் கோவில்பட்டி சென்று எட்டயபுரத்தை அடையலாம். பாரதியார் பிறந்த இல்லம், மணிமண்டபம், உமறுப்புலவர் அடங்கிய தர்கா ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.